வண்டிக்குள் கேட்ட திட்டு

அந்தக் கடையில் ஒரு வண்டியின் வேலை முடிந்துவிட்டதா என்று யாரும் உள்ளே வந்து விசாரிக்க வேண்டியதில்லை. தெருவில் நின்றாலே தெரிந்துவிடும். வண்டியின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடிய பிறகும், உள்ளேயிருந்து ஒரு பெண் யாரையோ திட்டுவது மங்கலாகக் கேட்கும்.

"சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு இங்க சொகுசா உக்காந்திருக்கீங்க! நான் வாசல்ல சிலை மாதிரி நிக்கறேன். போறவங்க வர்றவங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறாங்க. ஒரு சாவியைக் குடுத்துட்டுப் போகத் துப்பில்ல, ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் சங்கீதம் மாட்டப் போயிட்டாரு!"

பிறகு மேசையில் படீரென்று ஒரு அடி. அந்த அடியோடு வளையல்கள் குலுங்கி அடங்கும் ஒலி. அவ்வளவுதான். வண்டியின் கதவு திறக்கும். கடைக்காரர் இறங்கி, "எடுத்துக்கிட்டுப் போகலாம்" என்பார்.

எல்லோரும் அவரைச் சவுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் சவுண்டண்ணன் என்றார்கள். திட்டிய பெண் அவருடைய மனைவி. பல வருடங்களுக்கு முன்னால், புதிதாக வாங்கிய ஒரு மைக்கை மேசைமேல் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுச் சாவியைத் தேடிக் கடைக்கு வந்தவள் மூச்சுவிடாமல் பேசித் தீர்த்துவிட்டுப் போனாள். மைக்கை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. அவள் தெருமுனை தாண்டியதும் பதிவானதைப் போட்டுக் கேட்டார். கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதைவிடத் தெளிவாக எதுவும் அந்தக் கடையில் ஒலித்ததில்லை.

அன்றிலிருந்து அதுதான் அவருடைய உரைகல். ஒரு பாட்டு எந்த அறையில் பதிவானது, பாடியவரின் உண்மையான குரல் எப்படி இருக்கும், இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆனால் இந்தக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் அல்லவா! இடது கதவிலிருந்தும் இல்லாமல் வலது கதவிலிருந்தும் இல்லாமல், அவள் நேர் எதிரே வந்து நின்று திட்டுவதுபோல் கேட்க வேண்டும். மேசையில் விழுந்த அடி நெஞ்சில் விழ வேண்டும். கடைசியில் வளையல்கள் தனித்தனியாகக் குலுங்கி, ஒவ்வொன்றாக ஓய வேண்டும். அந்த வளையல் சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் சரி.

அவள் அந்தப் பதிவை வண்டிக்குள் உட்கார்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. "வேலையத்த வேலை" என்று ஒதுக்கிவிட்டாள். ஆனாலும் காய்கறிக் கடையில், "என்னக்கா, இன்னிக்கு எந்த வண்டியில திட்டுனீங்க?" என்று யாராவது கேட்டால் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போகும்.

கடையில் இருந்தது இரண்டே பேர். சவுண்டு ஒருவர். இன்னொருவன் மனைவியின் தம்பி. இரண்டு குடும்பத்திலும் சேர்த்துக் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் அவன்தான். மின்னணுவியல் படித்தான். படிக்க வைத்தவர் சவுண்டு. படித்து முடித்து அலைந்ததில் செருப்பு தேய்ந்ததே தவிர வேலை அமையவில்லை. "எங்கயாவது கிடைக்கிற வரைக்கும் இங்க இருக்கேன் மாமா" என்று வந்தவன், கணினியில் செய்கிற வேலைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். தான் படித்த படிப்புக்கும் இந்த இடத்துக்கும் என்ன உறவு என்று அவனுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவன் யாரிடமும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில், வீட்டுச் சமையலறையில் மனைவி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சவுண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன், இப்பல்லாம் வளையல் போடறதில்லையா நீ?" என்றார்.

அவள் திரும்பி வந்து வாசற்படியில் நின்றாள். கையை உயர்த்திக் காட்டினாள். வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சரிந்து இறங்கின.

"கழட்டவே இல்லியே. கண்ணு தெரியலையா?"

"அட, கவனிக்கல" என்று சிரித்துச் சமாளித்தார்.

கண் நன்றாகத்தான் தெரிந்தது. அந்த வளையல்கள் சரிந்ததை முழுதாகப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

அதன் பிறகு அவர் தன்னையே ஒற்றன்போல் கண்காணிக்கத் தொடங்கினார். கடையில் தொலைபேசி அடித்தால், "நீயே எடு மாப்ளே, என் கையெல்லாம் பிசின்" என்றார். வாடிக்கையாளர் பேசும்போது உதட்டைப் பார்த்தார். புரியாத இடத்தில் தலையாட்டினார். தலையாட்டுவது எவ்வளவு வசதியான மொழி என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பாதிப் பேச்சு அதிலேயே ஓடிவிடுகிறது. எதிரே இருப்பவர்கள் அவரை முன்பைவிட மரியாதையானவர் என்றுகூட நினைத்தார்கள். வீட்டில் மட்டும் அது செல்லவில்லை. "நான் பேசறது காதுல விழுதா இல்லியா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், அவள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதானே என்று தேற்றிக்கொண்டார்.

வண்டிகளைச் சோதிக்கும்போது ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலியின் மேல் பகுதியை, அதாவது வளையல் குலுங்குகிற அந்த மெல்லிய பகுதியை, கொஞ்சம் தூக்கி வைத்தால் அது மீண்டும் கேட்டது. அடுத்த வண்டிக்கு இன்னும் கொஞ்சம். வாடிக்கையாளர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அப்படியானால் நாம் சரியாகத்தான் செய்கிறோம், முன்புதான் குறைவாக வைத்துக்கொண்டிருந்தோம் என்று அவர் தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொண்டார்.

அந்த நிலையில்தான் சர்வேயரம்மா வந்தார். நிலம் அளக்கிறவர். மேடு பள்ளம், ஆற்று மணல், பாறை என்று வண்டி போகாத இடமெல்லாம் போக வேண்டிய வேலை. புதிதாக நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். கூரையைக் கழற்றலாம், கதவுகளைக் கழற்றலாம். இருக்கையில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"வண்டி யானை மாதிரி இருக்கு. ஆனா பாட்டு போட்டா கொசு கத்துற மாதிரி இருக்கு" என்றார் சர்வேயரம்மா. "டயர் போடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தத்தைக் கூட்டினா தும்தும்னு அடிக்கிற பேஸ் காணாமப் போயிடுது. என்ன மாயம் இது?"

"மாயம் இல்லம்மா. கம்பெனிக்காரன் கஞ்சத்தனம்" என்றார் சவுண்டு. இந்தப் பேச்சுக்கு அவருக்கு உதட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எல்லா வண்டிக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள். "உள்ள இருக்கிறது கையகல ஸ்பீக்கர். சத்தம் கூடினா கிழிஞ்சிடும்னு, கூட்டக் கூட்ட பேஸைத் தானாவே குறைக்கிற மாதிரி செஞ்சு வெச்சிருக்கான்."

"அப்ப முன்னால இருக்கிற அந்தத் திரையையே தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிடுங்க."

"அதுல கை வெக்க முடியாதும்மா. பின்பக்கக் கேமரா, டயர் காத்து, சக்கரத்துக்கு இழுவை மாத்துறது, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அது இருக்கட்டும். அதுலேருந்து வர்ற சத்தத்தை வாங்கி, அவன் குறைச்சதை நாம திருப்பிக் குடுத்து, வேற ஸ்பீக்கருக்கு அனுப்பலாம்."

"சரி. கடைசியில அந்தத் திட்டு உண்டுதானே? அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"அது இல்லாம வண்டி வெளிய போகாது" என்றான் மைத்துனன்.

வேலையில் சவுண்டுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணும் கையும் முன்புபோலவே இருந்தன. முன்பலகையின் ஓரத்தில் பிளாஸ்டிக் கரண்டியை நுழைத்து நெம்பினால், பிடிகள் ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் விட்டுக்கொடுத்தன. புது வண்டியைப் பிரிப்பதில் ஒரு பயம் உண்டு. உரிமையாளர்கள் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். சர்வேயரம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ அறுவை சிகிச்சையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பலகையின் இரண்டு மூலைகளிலும், தலைக்கு மேலே போகும் குறுக்குக் கம்பியிலும் இருந்த சின்ன ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு, ஈரம் தாங்குகிற புதியவற்றை மாட்டினார்கள். பேஸுக்கான வூஃபர் பெட்டி பின்புறம் போயிற்று. ஆம்ப்ளிஃபயரை இருக்கைக்கு அடியில், தரையோடு வைக்கப் போனான் மைத்துனன்.

"அங்க வேணாம் மாப்ளே. இந்த வண்டித் தரையில ஓட்டை பாத்தியா? குழாயை வெச்சுக் கழுவுறதுக்கு. தரையில வெச்சா ஆம்ப் நீச்சல் பழகிடும். ஒரு பட்டை வெச்சு உயரத் தூக்கி மாட்டு."

சர்வேயரம்மா சிரித்தார். மைத்துனனும் சிரித்தான். அவனுடைய சிரிப்பு சவுண்டுக்கு நன்றாகவே கேட்டது. ஆண்களின் சிரிப்பும் டயரின் இரைச்சலும் சுத்தியல் அடியும் இன்னும் அவரிடம் வந்துகொண்டுதான் இருந்தன. விட்டுப்போனவை எல்லாம் சின்னச் சின்னவை.

பிறகு அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். மடியில் மடிக்கணினி. திரையில் ஒலியைக் காட்டும் கோடு. மனைவி திட்டத் தொடங்கினாள். நேர் எதிரே வந்து நின்றாள், சரி. மேசை அடி நெஞ்சில் விழுந்தது, சரி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி போட்டார். கோட்டின் வலது முனையைத் தூக்கினார். இன்னும் தூக்கினார். அவளுடைய பேச்சில் இருந்த 'ச'க்கள் லேசாகத் தலைகாட்டின. இன்னும். கடைசியில், எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ அணிந்திருப்பதுபோல், வளையல்கள் குலுங்கின.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கும்போது துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டுப் போகலாம்மா" என்றார்.

"கொஞ்சம் இருங்க, ஒரு சின்னச் சரிபார்ப்பு பாக்கி" என்று மைத்துனன் அவசரமாக வந்தான். சர்வேயரம்மா அதற்குள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியிருந்தார். அவருக்கு எங்கோ அளக்கப் போக நேரமாகிவிட்டது. மைத்துனன் மடிக்கணினியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி போன திசையைப் பார்த்தபடி நின்றான். சவுண்டுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"என்னடா, பஸ்ஸை விட்டவன் மாதிரி நிக்கறே?"

மறுநாளே சர்வேயரம்மா திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் கேட்டா பல்லு கூசுது."

"புது ஸ்பீக்கர் அப்படித்தான்மா இருக்கும். ஓட ஓடப் பழகிடும்" என்றார் சவுண்டு.

"ஸ்பீக்கர் பழகும். நான் பழகணுமே!"

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி கடைக்குள் வந்தாள். சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்பும் வழி. அவள் தம்பியிடம் ஏதோ பேசத் தொடங்கியதுமே சர்வேயரம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்கதானே அது? குரலை வெச்சே சொல்லிடுவேன். வாங்க, ஏறுங்க. உங்க திட்டை நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க."

அவள் கூச்சப்பட்டுக்கொண்டே பின் இருக்கையில் ஏறினாள். சவுண்டு ஓட்டுநர் இருக்கையில். மைத்துனன் பக்கத்தில். சர்வேயரம்மா திறந்திருந்த கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். பதிவு ஓடியது. முதல் வரியிலேயே அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். வளையல் குலுங்கிய இடத்தில் மைத்துனன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ஐயோ, இது நானா?" என்றாள் அவள். "தகரத்தை ஆணியால கீறுற மாதிரி. என் குரல் இவ்வளவு கோரமாவா இருக்கு உங்களுக்கு?"

சவுண்டு பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். "உன் குரல் அப்படியேதான் இருக்கு. அச்சு அசல்."

யாரும் சிரிக்கவில்லை.

"இல்லக்கா" என்றான் மைத்துனன், முன்னால் பார்த்தபடி. "உன் குரல் இப்படி இல்ல."

கொஞ்ச நேரம் வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. பேசவில்லை என்றுதான் சவுண்டு நினைத்துக்கொண்டிருந்தார். மைத்துனன் சட்டென்று பின்னால் திரும்புவதைப் பார்த்தார். சர்வேயரம்மாவும் தலையை உயர்த்திப் பின் இருக்கையைப் பார்த்தார். அவர் மட்டும் திரும்பவில்லை. திரும்ப ஒரு காரணமும் இருக்கவில்லை. பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தார். அவள் உதடுகள் அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தன. தாழ்ந்த குரலில் அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். கண்ணாடிக்குள் அவர்கள் கண்கள் சந்தித்தன.

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கேட்டே?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

சர்வேயரம்மா மெதுவாகக் கதவைவிட்டு நகர்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். தொலைபேசி அடிக்கவே இல்லை என்பது சவுண்டுக்குத் தெரியாது. தெரிந்த மற்றவர்கள் அதைச் சொல்லவில்லை.

"அப்ப இதுக்கு முன்னாடி செஞ்ச வண்டிங்க?" என்று மைத்துனனைக் கேட்டார். "அவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அவன் மடியில் இருந்த மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான். அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினான்; அப்படித்தான் பேச வேண்டும் என்பது அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

"நீங்க இறங்கினப்புறம் நான் குறைச்சிடுவேன் மாமா."

"எந்த வண்டியிலேருந்து?"

"அந்த வெள்ளை வேன்லேருந்து."

வெள்ளை வேன் எப்போதோ வந்து போனது. அதற்குப் பிறகு எத்தனை பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்! மழைக்காலத்தில் வந்த அந்தச் சின்னக் காரின் சொந்தக்காரர், "உங்க காதுக்கு விலையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாரே! அப்போது மைத்துனன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். சவுண்டு அவனுக்கு அன்று மாலை பெரிய மனதோடு, "பழகப் பழக உனக்கும் வரும்" என்று ஆறுதல் சொல்லியிருந்தார்.

"அன்னிக்கே என் மூஞ்சியில சொல்லியிருக்கலாமே மாப்ளே."

"எப்படி மாமா சொல்லுவேன்?" என்றான். அவன் குரல் உடைந்தது. அந்த உடைசலும் அவருக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

வீட்டார் அழைத்துப்போன காது மருத்துவர் சவுண்டை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, மணி ஒலிகளைக் கேட்கச் சொல்லி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். முதலில் அடிக்கடி அழுத்தினார். பிறகு வெகுநேரம் அழுத்த ஒன்றும் வரவில்லை. அவமானமாக இருந்ததால் சும்மாவே இரண்டுமுறை அழுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையை அசைத்து, வேண்டாம் என்பதுபோல் சைகை காட்டினாள். இத்தனை வருடம் மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து கேட்ட சத்தம்தான் காரணம் என்றார் மருத்துவர். போனது வராது. கருவி மாட்டினால் பேச்சு ஓரளவு புரியும். ஒலியைத் தரம் பார்க்கிற வேலை, அது வேண்டாம்.

கருவி வாங்கினார்கள். மாட்டிப் பார்த்தார். உலகமே அந்தக் கையகல ஸ்பீக்கர் வழியாக வந்தது.

"கம்பெனி செட்டு மாதிரி இருக்கு" என்றார் மைத்துனனிடம். "எந்த வண்டியில கம்பெனி செட்டு இருந்தாலும் கழட்டிட்டு நல்லதா மாட்டிக் குடுத்துடறோம். இதுக்கு எந்தக் கடைக்குப் போறது?"

மைத்துனன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. கருவி பெரும்பாலும் மேசை இழுப்பறையில், பழைய ஃபியூஸ்களோடு கிடந்தது.

சர்வேயரம்மாவின் வண்டியை மைத்துனன் சரிசெய்தான். அளக்கிற மைக் ஒன்றை வாங்கி, ஒரு தாங்கியில் பொருத்தி, ஓட்டுநர் இருக்கையில் தலை இருக்க வேண்டிய உயரத்தில் நிறுத்தி வைத்தான். திட்டுக்குப் பதிலாக ஒரு இரைச்சல், தண்ணீர் கொட்டுவதுபோல. அதை வைத்துக்கொண்டு கணினி கோட்டைத் தானே நேராக்கியது. சர்வேயரம்மா கேட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான், இதுதான்!" என்றார். பிறகு சவுண்டு நிற்பதைக் கவனித்து, சத்தமாக, "வேலை பிரமாதம்! ஒரு பிடிகூட உடையல!" என்றார். நல்ல மனுஷி. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

இப்போதும் அவர்தான் வண்டிகளைப் பிரிக்கிறார், கம்பி இழுக்கிறார், மாட்டுகிறார். அது முடிந்ததும் இறங்கி, மைக்குக்கு இடம் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறார். எப்போதாவது பழைய வாடிக்கையாளர் ஒருவர், "அந்தத் திட்டை ஒருதரம் போடுங்களேன்" என்று கேட்பார். மைத்துனன் தயங்கி அவர் முகத்தைப் பார்ப்பான். அவர் தலையாட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி. காதில்லாத சவுண்டை இன்னும் எதற்குச் சவுண்டு என்று கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அவர்களுக்கு வேறு பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. மனைவி அவர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். மருத்துவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். சாப்பிட வாங்க. மழை வருது. தம்பி வந்திருக்கான். எல்லாம் தேவையான சொற்கள். முணுமுணுப்பு இல்லை, சமையலறையிலிருந்து முதுகுப்பக்கமாக வந்து விழும் குத்தல் இல்லை. பேச்சு வேகமெடுப்பதே இல்லை. ஒரு மனிதரை நிறுத்தி, கவனத்தை வாங்கி, நிதானமாக எப்படித் திட்டுவது? அவள் திட்டுவதையே விட்டுவிட்டாள். அதை அவர் கவனிக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. கவனித்த பிறகு வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

ஒருநாள் அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரம், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. இழுப்பறையிலிருந்து கருவியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். மேசையைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். "யாராவது வர்றாங்களா மாமா?" என்று கேட்டான் மைத்துனன். அவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிவெயில் ஏறியது. அவள் வரவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெயிலில் சுட்டுப்போன தண்ணீர்க் குடம். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அவரைக் கண்டதும் எழுந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் எதிரே வந்து, சரியான தூரத்தில் நின்றாள். முகத்தை நிமிர்த்தி, தன் உதட்டை அவர் பார்க்கிறாரா என்று உறுதிசெய்துகொண்டாள்.

"சாவி," என்றாள், "உங்ககிட்ட இருக்கு."

அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"என்னைக் கொஞ்சம் திட்டேன்" என்றார் அவர். "மத்தியானமெல்லாம் வெயில்ல நின்னிருக்கே. ஏதாவது திட்டு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். வளையல்கள் மணிக்கட்டை நோக்கிச் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. அவர் கருவியை விரலால் காதுக்குள் அழுத்திக்கொண்டு கேட்டார். இன்னும் அழுத்தினார். தெருவின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, நீட்டிய கையில் வைத்தார்.